ரெக்கார்டிங் ஸ்டுடியோவுக்கு ஏ.சி. போடுவதற்கு முன்

சென்னையில் வீட்டு மாடியிலோ வாடகை ஃபிளாட்டிலோ சின்னதாக ஸ்டுடியோ போடுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் ஏ.சி.யைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். மைக், இண்டர்ஃபேஸ், ஸ்பீக்கர், சுவருக்கு ஒலி உறிஞ்சும் ராக்வுல் பேனல், கனமான கதவு என்று எல்லாம் முடிந்த பிறகு, கையில் மிச்சமிருக்கும் பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், "இருக்கிறதிலேயே சத்தம் கம்மியான ஸ்பிளிட் எது?" என்று கேட்பார்கள். கடைக்காரர் விவரத்தாளில் இருக்கும் டெசிபல் எண்ணைக் காட்டுவார். வாங்கி மாட்டியாகிவிடும். அப்புறம் அந்த ஸ்டுடியோவில் காலத்துக்கும் ஒரே வசனம்தான்: "ஏ.சி. ஆஃப் பண்ணுங்க, டேக் போலாம்."

இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன். ஸ்டுடியோவில் அமைதி பாதி மெஷினிலிருந்து வருகிறது என்றால், மீதிப் பாதி காற்று எவ்வளவு அகலமான வழியில், எவ்வளவு மெதுவாக வந்து போகிறது என்பதிலிருந்து வருகிறது. அந்த அகலத்துக்கு இடம் வேண்டும். பேனல் அடித்து, ஃபால்ஸ் சீலிங் மூடிய பிறகு அந்த இடம் கிடைக்காது. அதனால் ஸ்டுடியோவுக்கான முதல் வரைபடத்திலேயே ஏ.சி. இருக்க வேண்டும்.

முதலில், எவ்வளவு அமைதி போதும்? அமெரிக்க ஒலியியலாளர் லியோ பெரானெக் 1957-இல் வகுத்த என்.சி. (நாய்ஸ் க்ரைட்டீரியா) வளைவுகளைத்தான் இன்றும் பொறியாளர்கள் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஸ்தாயியிலும் இரைச்சல் எவ்வளவு இருக்கலாம் என்று அந்த வளைவு சொல்லும். ரெக்கார்டிங் அறைக்கு என்.சி. 15 முதல் 20 வரை என்பது பொதுவான இலக்கு. சாதாரண டெசிபல் மீட்டரில் பார்த்தால் இது சுமார் 25 முதல் 30 டெசிபல். இன்ஜினியர் உட்காரும் கண்ட்ரோல் ரூமுக்கு என்.சி. 25 வரை விடலாம், அங்கே மைக் திறந்திருக்காது. நம் ஊர் ஒன்றரை டன் ஸ்பிளிட் பல, முழு வேகத்தில் ஓடும்போது 40 டெசிபலைத் தாண்டும். பத்து டெசிபல் கூடினால் ஒலி ஆற்றல் பத்து மடங்கு, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம். ஆக, நமக்கு வேண்டியதற்கும் கடையில் கிடைப்பதற்கும் உள்ள தூரம் சின்னதில்லை.

"இந்த அளவு இரைச்சல் மிக்ஸில் தெரியுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்லாவே தெரியும். இன்று ஒரு நல்ல கண்டென்சர் மைக்கின் சொந்த இரைச்சல் மிகக் குறைவு, நியூமன் டி.எல்.எம். 103-க்கு 7 டெசிபல், யூ 87-க்கு 12 டெசிபல். அப்படிப்பட்ட மைக்கை 35 டெசிபல் அறையில் வைத்தால், மைக்குக்குக் கொடுத்த காசில் பெரும் பகுதி ஏ.சி.யின் மூச்சைப் பதிவு செய்வதற்குத்தான் போகிறது. குரலை ஆடியோ கம்ப்ரசரில் (சத்தமான இடங்களை அமுக்கும் கருவி, ஏ.சி. கம்ப்ரசர் இல்லை) 10 டெசிபல் அமுக்கி, அதே அளவு மேலே ஏற்றினால் வரிகளுக்கு நடுவே கிடக்கும் இரைச்சலும் 10 டெசிபல் மேலே வரும். கோரஸுக்காக ஒரே ஆளை 16 தடவை பாட வைத்து அடுக்கினால், ஒவ்வொரு டிராக்கிலும் இருக்கும் அந்தக் காற்றுச் சத்தம் கூடிக் கூடி 12 டெசிபல் ஏறிவிடும். ஆடியோபுக் வேலை எடுப்பவர்களுக்கு இது இன்னும் நேரடியான பிரச்சினை. அமேசானின் ஏ.சி.எக்ஸ். தளம், பின்னணி இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்கு (பதிவின் உச்ச அளவிலிருந்து கீழ்நோக்கி எண்ணும் டெசிபல் இது) மேல் போகக் கூடாது என்று நிபந்தனை வைத்திருக்கிறது.

வீணையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டுக்குப் பிறகு அந்த ஸ்வரம் தேய்ந்து தேய்ந்து போகும்போது, இடது கை விரல் தந்தியை இழுத்துக்கொண்டே இருக்கும். கமகத்தின் கடைசி வளைவு அந்தத் தேயும் பகுதியில்தான் இருக்கிறது. அறை அமைதியாக இருந்தால் அதைக் கடைசி வரை கேட்கலாம். ஏ.சி. ஓடினால், அந்த வளைவு முடிவதற்கு முன்பே "ஸ்ஸ்ஸ்" என்ற படலத்துக்குள் முங்கிப் போகும். சாஃப்ட்வேரில் இரைச்சலை எடுத்துவிடலாமே என்றால், எடுக்கலாம். ஆனால் சாஃப்ட்வேர் அந்தத் தேயும் வாலையும் சேர்த்துத்தான் அறுக்கும். புல்லாங்குழலில் இது இன்னும் மோசம். குழலின் வாயில் உராயும் மூச்சும் ஏ.சி. காற்றும் ஒரே மாதிரி ஒலி என்பதால், ஒன்றை எடுத்தால் மற்றதும் போய், கடைசியில் கீபோர்டில் வாசித்த குழல் மாதிரி ஆகிவிடும்.

சரி, விவரத்தாளில் இருக்கும் அந்த டெசிபல் எண்ணுக்கு வருவோம். "19 டெசிபல்", "22 டெசிபல்" என்று போட்டிருப்பது பொய் இல்லை. ஆனால் அது எதிரொலியே இல்லாத சோதனை அறையில், இண்டோர் ஃபேன் ஆகக் குறைந்த வேகத்தில் சுற்றும்போது, குறிப்பிட்ட தூரத்தில் அளந்தது. அந்த வேகத்தில் மே மாதம் மதியம் மூன்று மணிக்கு உங்கள் அறை குளிருமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. குளிராது என்றால் ஃபேன் தானாகவே வேகம் எடுக்கும், எண்ணும் ஏறிவிடும். சில நிறுவனங்கள் ஒலி அழுத்தத்தை, அதாவது ஒரு தூரத்தில் வந்து சேரும் அளவைப் போடுகின்றன, சில ஒலித் திறனை, அதாவது மெஷின் மொத்தமாக வெளியிடும் அளவைப் போடுகின்றன. ஒரே மெஷினுக்கு இரண்டுக்கும் பத்து டெசிபலும் அதற்கு மேலும்கூட வித்தியாசம் வரலாம், அதனால் இரண்டு பிராண்டுகளை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே அளவைத்தான் சொல்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அந்த எண் நம் காதுக்கு ஏற்றபடி கீழ் ஸ்தாயியைத் தள்ளுபடி செய்து எடுத்தது. 125 ஹெர்ட்ஸில் 16 டெசிபல், 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபல் கழித்துவிட்டுத்தான் கணக்கு. காதுக்குத் தெரியாத கம்ப்ரசர் உறுமல் மைக்குக்குத் தெரியும். ஆண் குரலின் அடியும் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து கும்கியும் இருக்கும் பகுதி அது. அங்கே வெட்டினால் இசையும் சேர்ந்து போகும்.

எத்தனை டன் என்பதை அறையின் சதுர அடியை மட்டும் வைத்து முடிவு செய்வது பழக்கமாகிவிட்டது. ஸ்டுடியோவுக்கு அது சரிப்படாது. ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். கட்டடத்தின் நடுத் தளத்தில் 12-க்கு 14 அடி கண்ட்ரோல் ரூம், அதோடு ஒட்டி, பாடுகிறவருக்கான சின்ன வாய்ஸ் பூத், மொத்தம் நாலு பேர். உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் சுமார் 120 வாட் வெப்பம் தருவார், ஆக 480. கம்ப்யூட்டர் 300, ஸ்பீக்கர், திரை, மற்ற கருவிகள் 250, எல்.இ.டி. விளக்கு 60. ராக்வுல் அடைத்த சுவர்கள் வழியாக 500 என்று வைத்துக்கொள்வோம். இதுவரை 1,600 வாட்கூட வரவில்லை, அரை டன்னுக்குக் கொஞ்சம் கீழே. ஒரு டன் என்பது 3,500 வாட். இப்போது வெளியிலிருந்து புதுக் காற்றைச் சேருங்கள். ஆளுக்கு விநாடிக்கு ஏழரை லிட்டர் வீதம் நாலு பேருக்கு 30 லிட்டர். 35 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள சென்னைக் காற்றை 24 டிகிரிக்கும் 50 சதவீதத்துக்கும் கொண்டுவர மட்டும் ஏறக்குறைய 1,500 வாட் பிடிக்கும். அதில் பெரும் பகுதி காற்றிலிருக்கும் தண்ணீரைப் பிழிந்தெடுக்கும் செலவு. ஆக மொத்தம் 3,100 வாட், ஒரு டன்னுக்கும் குறைவு. இதே அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்தால் கூரை வழியாக இறங்கும் வெயிலுக்குத் தனிக் கணக்கு போட வேண்டும். அப்போதும் கூரையின் மேல் வெப்பத் தடுப்புக்குச் செலவழிக்கும் காசு, பெரிய ஏ.சி.க்குப் போடும் காசைவிட நல்ல முதலீடு. சத்தமே போடாமல் வேலை செய்யும் ஒரே ஏ.சி. வெப்பத் தடுப்புதான்.

அந்தப் புதுக் காற்றைத்தான் பெரும்பாலான சின்ன ஸ்டுடியோக்கள் மறந்துவிடுகின்றன. ஸ்பிளிட் ஏ.சி. வெளிக் காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளே இருப்பதையே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. சத்தம் போகாதபடி இறுக்கி மூடிய பூத்தில் காற்றும் போகாது. 6-க்கு 5 அடி, 8 அடி உயரமுள்ள பூத்தில் சும்மா உட்கார்ந்திருப்பவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுவார். பத்து லட்சத்தில் 420 பங்கு என்று தொடங்குவது அரை மணியில் 1,700-ஐத் தாண்டும், ஒரு மணி நேரத்தில் 3,000-ஐ எட்டும். பாடுகிறவருக்கு இதைவிட வேகமாக ஏறும். டப்பிங் பேச வந்தவர் இரண்டாவது ரீலில் கொட்டாவி விடுகிறார், பாடகருக்குத் தலை கனக்கிறது, இன்ஜினியர் "வாய்ஸ் டல்லா இருக்கு, கொஞ்சம் எனர்ஜி குடுங்க" என்கிறார் என்றால், முதலில் கதவைத் திறந்து காற்று விடுங்கள். ஏ.சி. ஓடி அறை சில்லென்று இருக்கும்போதுகூட இது நடக்கும். குளிர்ச்சி வேறு, காற்று வேறு.

ஏ.சி.யை நிறுத்திவிட்டு டேக் எடுக்கும் முறையைக் கேவலமாகப் பேச மாட்டேன். பெரிய ஹால், செங்கல் சுவர், கனமான தரை, அரை மணி நேர வேலை என்றால் அது நன்றாகவே வேலை செய்யும். சுவரும் தரையும் குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும். பூத்தில்தான் மாட்டிக்கொள்வோம். அங்கே சுவரெல்லாம் ராக்வுலும் துணியும். ஒலியை உறிஞ்சும் அதே பேனல், சுவருக்கும் காற்றுக்கும் நடுவே போர்வையாக நின்று வெப்பம் சுவருக்குப் போகாமல் தடுக்கிறது. உள்ளே இருக்கும் காற்று எட்டு கிலோ அளவுதான். கணக்குப்படி ஒரு ஆளின் உடல் சூடு மட்டுமே அதை நிமிடத்துக்கு அரை டிகிரி ஏற்றப் போதும். கொஞ்சம் வெளியே கசிந்தாலும், பத்து நிமிடத்தில் பாடுகிறவர் நெற்றியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

வெப்பம் ஏறி இறங்குவது வாத்தியங்களையும் படுத்தும். காற்று சூடானால் குழலின் சுருதி டிகிரிக்குச் சுமார் மூன்று சென்ட் (ஒரு சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) ஏறும், அதே நேரத்தில் வயலின் தந்தி நீண்டு சுருதி இறங்கும். நாலு டிகிரி வித்தியாசத்தில் இரண்டும் எதிரெதிர் திசையில் நகர்ந்திருக்கும், தம்புராவோடு சேர்த்துக் கேட்டால் காது கூசும். மிருதங்கத் தோல் ஈரத்தில் தளரும், வறட்சியில் இறுகும். இதற்கெல்லாம் மருந்து, அறையை நாள் முழுக்க ஒரே வெப்பத்திலும் 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்திலும் வைத்திருப்பதுதான். அது நிற்காமல் மெதுவாக ஓடும் ஏ.சி.யால் மட்டுமே முடியும்.

இதனால்தான் "எதுக்கும் இருக்கட்டும்" என்று இரண்டு டன் போடுவது தப்பு. தேவைக்கு இரண்டு மடங்கு மெஷின், அதுவும் இன்வெர்ட்டர் (தேவைக்கேற்பக் கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் முறை) இல்லாத பழைய வகை என்றால், சில நிமிடங்களில் அறையைக் குளிர வைத்துவிட்டு கம்ப்ரசர் நின்றுவிடும். ஈரத்தைப் பிழிய அதற்கு நேரமே கிடைக்காது, மெஷினுக்குள் காற்றைக் குளிர வைக்கும் காயிலில் தேங்கிய தண்ணீரும் மறுபடி காற்றிலேயே கலக்கும். அறை 24 டிகிரியில் இருக்கும், ஆனால் உடம்பு பிசுபிசுக்கும். கூடவே கம்ப்ரசர் ஏறுவதும் நிற்பதும் ஒரு டேக்குக்குள்ளேயே நடக்கும். இரண்டாவது டேக்கின் பல்லவியையும் ஐந்தாவது டேக்கின் கடைசி வரியையும் ஒட்டும்போது பின்னணி ஒலி சட்டென்று மாறுவது தெரியும், எடிட் செய்கிறவர் உயிரை விடுவார். மாறாமல் ஓடும் மெல்லிய இரைச்சலைவிட, வந்து போகும் இரைச்சல்தான் காதில் குத்தும். இன்வெர்ட்டர் வாங்குங்கள், வாங்கும்போது அதிகபட்சத் திறனைவிடக் குறைந்தபட்சத் திறன் எவ்வளவு என்று பாருங்கள். அந்த எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு நேரம் மெஷின் நிற்காமல் அடங்கி ஓடும்.

இப்போது காற்றின் வேகம். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் அக்கறை உள்ள இடம் இதுதான், ஏனென்றால் இங்கேதான் காசு அதிகம் இல்லாமலேயே பெரிய பலன் கிடைக்கிறது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் சீறும், விட்டால் சத்தமில்லாமல் கொட்டும், காற்றும் அப்படித்தான். காற்றின் ஓட்டத்தால் பிறக்கும் சத்தம் வேகத்தின் ஐந்தாம் ஆறாம் அடுக்குக் கணக்கில் ஏறுகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் 15 முதல் 18 டெசிபல் இறங்கும். மெஷினை மட்டும் மாற்றி இவ்வளவு இறக்குவது கஷ்டம்.

ஒரு டன்னுக்கு நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி காற்று வேண்டும். வழக்கமாக டக்ட் (காற்றைக் கொண்டுபோகும் குழாய்) போடுகிறவர்கள் அதை 6-க்கு 12 இன்ச் வாயில் அடக்கிவிடுவார்கள். அப்போது காற்று நிமிடத்துக்கு 800 அடி வேகத்தில் பாயும், ஆபீஸுக்கு அது போதும். ரெக்கார்டிங் அறைக்கு வாயில் வேகம் 250 அடியைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 15-க்கு 16 இன்ச் சுத்தமான திறப்பு வேண்டும். முன்னால் கிரில் மாட்டினால் அதன் பட்டைகள் அடைக்கும் பரப்பையும் சேர்த்து 15-க்கு 22 அளவுக்குப் போக வேண்டும். அந்த கிரில்லே ஒரு விசில் மாதிரி வேலை செய்யக்கூடியது என்பதால், முடிந்தால் அதைத் தவிர்த்துவிட்டு வெறும் திறப்பாக விடுவது நல்லது. ஒரு ஆள் பூத்துக்கு இவ்வளவெல்லாம் வேண்டாம். நிமிடத்துக்கு 50 கன அடி போதும், 8 இன்ச் வட்ட டக்ட் போட்டால் வேகம் 150 அடிதான் வரும், காற்று வருவதே காதுக்குத் தெரியாது. காகிதத் துண்டு ஒன்றைப் பிடித்துப் பார்த்தால் மட்டும் மெதுவாக அசையும்.

உள்ளே வருகிற வழிக்குக் கொடுக்கும் அதே அகலத்தை வெளியே போகிற வழிக்கும் கொடுக்க வேண்டும். ரிட்டர்னை மறந்துவிட்டுக் கதவுக்குக் கீழே ஒரு சந்து விட்டால், காற்று அங்கே சீறிக்கொண்டு போகும், கண்ட்ரோல் ரூம் பேச்சும் அதே சந்து வழியாக உள்ளே வரும்.

ஆக, என் பார்வையில் சரியான அமைப்பு இதுதான். ஃபால்ஸ் சீலிங்குக்குள் வைக்கும் டக்டபிள் இண்டோர் யூனிட்டை, ஸ்டுடியோவுக்குள் இல்லாமல் வெளியே வராந்தாவிலோ பாத்ரூம் மேலேயோ வையுங்கள். அதன் ஃபேன் நடு வேகத்துக்கு மேல் போகத் தேவைப்படாத அளவில் தேர்ந்தெடுங்கள். அங்கிருந்து கண்ட்ரோல் ரூமுக்கு ஒன்று, பூத்துக்கு ஒன்று எனத் தனித்தனி டக்ட், சத்தம் நேராக வந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு மடக்கு. ஒரே டக்டிலிருந்து இரண்டு அறைக்கும் கிளை பிரித்தால் பூத்தில் பாடுவது டக்ட் வழியாகவே கண்ட்ரோல் ரூமுக்கு வந்துவிடும், அதற்கப்புறம் இரட்டைக் கண்ணாடி போட்டு என்ன பயன்? மெஷினும் டக்டும் சேரும் இடத்தில் கேன்வாஸ் இணைப்பு வேண்டும், தகரத்தோடு தகரம் முட்டக் கூடாது. டக்டின் உள்பக்கம் ஒலி உறிஞ்சும் லைனிங் ஒட்ட வேண்டும். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: கடையில் கறுப்பாக இருக்கும் நைட்ரைல் ரப்பர் ஷீட் எல்லாமே ஒன்றில்லை. மூடிய துளை வகை வெப்பத்துக்கானது, ஒலியை அது பெரிதாக உறிஞ்சாது. திறந்த துளை வகையைக் கேட்டு வாங்க வேண்டும், அழுத்தினால் ஸ்பாஞ்ச் மாதிரி காற்று வெளியேறும். வெறும் கிளாஸ்வுல்லை உள்ளே ஒட்டினால் காலப்போக்கில் நார் பறக்கும், நம் ஊர் ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும்.

டக்ட் நீளமும் மடக்கும் கூடினால் ஃபேன் தள்ள வேண்டிய எதிர்ப்பும் கூடும். அதனால் யூனிட்டின் ஸ்டாட்டிக் பிரஷர் (ஃபேனின் தள்ளும் சக்தி) எவ்வளவு என்று கேட்காமல் வாங்காதீர்கள். ஒல்லியான மாடல்கள் சிலவற்றுக்குத் தள்ளும் சக்தி மிகக் குறைவு. காற்று போதாமல் காயிலில் ஐஸ் கட்டி, உருகி, சீலிங்கில் சொட்டும். அகலமான டக்ட் இந்தப் பிரச்சினைக்கும் சேர்த்தே தீர்வு. சுருட்டி வரும் ஃபிளெக்ஸிபிள் டக்ட் உள்ளிருக்கும் சத்தத்தை நன்றாகக் குடிக்கும், ஆனால் அதன் சுவர் மெல்லியது, வெளியே இருக்கும் சத்தம் அதற்குள் புகுந்துவிடும். அமைதியான சீலிங்குக்குள் ஓடினால் சரி. ரோட்டுப் பக்கம் ஓடினால் அதைச் சுற்றிப் பெட்டி அடியுங்கள். ஃபில்டரைக் கழற்றிக் கழுவ ஒரு கதவும் விட வேண்டும். ஃபில்டர் அடைத்தால் எல்லாக் கணக்கும் கெட்டுவிடும்.

புதுக் காற்றுக்கு, டக்டுக்கு நடுவிலேயே பொருத்தும் ஒரு சின்ன இன்லைன் ஃபேன், அதே மாதிரி லைனிங் செய்த தனி டக்ட். கொஞ்சம் காசு இருந்தால் எனர்ஜி ரெகவரி வென்டிலேட்டர் போடலாம். வெளியேறும் குளிர்ந்த காற்றை வைத்தே உள்ளே வரும் காற்றின் சூட்டையும் ஈரத்தையும் கணிசமாகக் குறைத்துவிடும், மேலே சொன்ன 1,500 வாட்டில் ஒரு பங்கு மிச்சமாகும். காற்று எடுக்கும் வாய் ஜெனரேட்டர் பக்கம் இருக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் இடமோ பட்ஜெட்டோ இல்லை, ஸ்பிளிட்தான் போட முடியும் என்றால் அதையும் ஒழுங்காகச் செய்ய வழி உண்டு. கண்ட்ரோல் ரூமில் ஸ்பிளிட்டை மாட்டிவிட்டு, பூத்துக்கு அங்கிருந்து பெரிய, வளைந்து வளைந்து போகும் லைனிங் பெட்டி வழியாகக் காற்றை ஒரு மெதுவான ஃபேனால் அனுப்பலாம், திரும்பி வர இன்னொரு பெட்டி. ஒரே அறையில் எல்லாம் என்றால், கார்டியாய்டு மைக்கின் (முன்பக்கச் சத்தத்தையே அதிகம் பிடிக்கும் வகை) முதுகு ஏ.சி.யைப் பார்க்கும்படி வையுங்கள், காற்று நேராக மைக் மேல் விழ வேண்டாம். இண்டோரை ஜிப்சம் பார்ட்டிஷனில் மாட்டவே கூடாது, அந்தச் சுவர் முழுக்க ஒரு பறை மாதிரி அதிரும். செங்கல் சுவரில், தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே ரப்பர் வைத்து மாட்டுங்கள். காப்பர் பைப் போகும் ஓட்டையைச் சுற்றி மெக்கானிக் கொஞ்சம் வெள்ளைச் சிமெண்ட் பூசிவிட்டுப் போவார். அந்தச் சந்து வழியாக ஆட்டோ ஹாரன் அப்படியே உள்ளே வரும், காயாத புட்டியால் முழு ஆழத்துக்கும் அடையுங்கள்.

ஸ்பிளிட்டில் இன்னொரு தொல்லை, வெப்பம் மாறும்போது அதன் பிளாஸ்டிக் உடல் சுருங்கி விரிந்து "டக், டிக்" என்று சொடுக்குவது. ஆஃப் செய்த பிறகும் சில நிமிடங்கள் இது தொடரும், சரியாக மௌனம் வரும் இடத்தில்தான் சொடுக்கும். கேஸ் ஓடும் சலசலப்பும் அப்படித்தான். ஸ்டெபிலைசரின் ரிலே சத்தத்தைச் சொல்லவே வேண்டாம். அதை அறைக்கு வெளியே மாட்டுங்கள்.

அவுட்டோர் யூனிட் பூத்தின் பின்சுவரில் ஆங்கிள் அடித்துத் தொங்கினால், உள்ளே எவ்வளவு நல்ல மெஷின் இருந்தும் வீண். பழைய வகை கம்ப்ரசர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 2,900 சுற்று அளவில் சுற்றும், 48 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு உறுமல் சுவர் வழியாகவே இறங்கும். மொட்டை மாடியில், ஸ்டுடியோவுக்கு நேர் மேலே இல்லாமல், பில்லருக்குப் பக்கத்தில், ரப்பர் பேடோ ஸ்பிரிங்கோ வைத்து நிறுத்துங்கள். காப்பர் பைப் சுவரைத் தொடும் இடங்களிலும் ரப்பர் வேண்டும். மின்சாரத்திலும் ஒரு கவனிப்பு: இன்வெர்ட்டர் ஏ.சி.யின் மின் குறுக்கீடு கிட்டார் பிக்கப்பில் கீச்சென்று கேட்கும். த்ரீ ஃபேஸ் இருந்தால் ஏ.சி.யை ஒரு ஃபேஸிலும் ஆடியோவை இன்னொன்றிலும் போடுங்கள். எர்த்தைக் கழற்றி ஹம்மை நிறுத்தும் வேலை மட்டும் கூடவே கூடாது, ஆளைக் கொன்றுவிடும்.

விண்டோ ஏ.சி., சக்கரம் வைத்த போர்ட்டபிள் ஏ.சி. இரண்டும் வேண்டாம், கம்ப்ரசரும் அதே பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஏர் கூலர் ஈரத்தை ஏற்றும். சீலிங்கில் குளிர்ந்த தண்ணீர் ஓடவிடும் ரேடியன்ட் முறை சத்தமே இல்லாதது, வறண்ட ஊர்களில் அழகாக வேலை செய்யும். சென்னையில் காற்றின் பனிநிலை (காற்றிலிருக்கும் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) பல மாதங்கள் 24 டிகிரிக்கு மேல் நிற்பதால், ஈரத்தைத் தனியாக எடுக்காமல் அதைப் போட்டால் சீலிங் வியர்த்துக் கொட்டும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் ஸ்டுடியோ என்றால் குளிர்காலத்துக்கு ஹாட் அண்ட் கோல்ட் வகை இன்வெர்ட்டர் அதே டக்டில் வேலை செய்யும். தற்காலிகமாக என்றால் ஆயில் ஹீட்டர், தெர்மோஸ்டாட் எப்போதாவது சொடுக்குவதைத் தவிர அதில் சத்தமில்லை.

வாங்குவதற்கு முன் ஒரே ஒரு சோதனை. உங்கள் மைக்கை வழக்கமான கெயினில் வைத்து, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, காலை பத்து மணிக்கு ஒரு நிமிடமும் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு நிமிடமும் வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். போன் ஆப்பை நம்ப வேண்டாம், போனின் மைக் 30 டெசிபலுக்குக் கீழே ஒழுங்காக அளக்காது. ரோட்டுச் சத்தமே 35 டெசிபல் உள்ளே வருகிறது என்றால், 20 டெசிபல் ஏ.சி.க்குக் கொடுக்கும் காசைக் கதவுக்கும் ஜன்னலுக்கும் கொடுங்கள். வேலை முடிந்து பாக்கிப் பணம் கொடுக்கும் முன், மே மாதமாக இல்லாவிட்டாலும் வெயில் ஏறிய ஒரு மதியத்தில், நாலு பேரை உட்கார வைத்து, கம்ப்யூட்டரை ஓடவிட்டு, கதவை மூடி, ஒரு மணி நேரம் கழித்து அதே பதிவை மறுபடி எடுங்கள். காலி அறையில் ராத்திரி எட்டு மணிக்கு எந்த ஏ.சி.யும் அமைதியாகத்தான் இருக்கும். இந்தச் சோதனையையும், வாயில் 250 அடி வேகம், ரிட்டர்னின் அளவு, கேன்வாஸ் இணைப்பு, அவுட்டோருக்கு ரப்பர் பேடு ஆகியவற்றையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; வாய்ச்சொல்லாகச் சொன்னால், டக்ட் மாட்டுகிற பையன் கையில் இருக்கும் 6-க்கு 12 தகரத்தை மாட்டிவிட்டுப் போய்விடுவான், சீலிங் மூடிய பிறகு அதை மாற்ற யாரும் வர மாட்டார்கள்.